வீடா, சானடோரியமா? சென்னைக் காசநோய்ச் சிகிச்சை ஆய்வும் மருத்துவச் சான்றின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்பதை அறிவதற்கு இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் வகுத்துக்கொண்ட நெறி, சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வாகும். இந்நெறி பெரும்பாலும் புதிய மருந்துகளைச் சோதிக்கும் கருவியாகவே அறியப்படுகிறது. நெடுங்காலமாக ஐயமின்றி ஏற்கப்பட்ட ஒரு மருத்துவ நம்பிக்கையையும் அதைக் கொண்டு சோதிக்க இயலும் என்பதைச் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆய்வு காட்டியது. அவ்வாய்வின் பின்புலம், வடிவம், முடிவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் ஆய்வின் முடிவை அது எழுப்பிய வினாவின் எல்லைக்குள் நின்றே பொருள்கொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், சானடோரியம், சமவாய்ப்பு ஒதுக்கீடு, ஒப்பீட்டுக் குழு, வீட்டுச் சிகிச்சை, மருத்துவச் சான்று.

முன்னுரை

மருந்து உண்டவர் நலம் பெற்றார் என்பது ஒரு நிகழ்ச்சி. மருந்தினால் நலம் பெற்றார் என்பது ஒரு முடிவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைச் சிக்கல். பல நோய்கள் தாமே தணிகின்றன. சில நோய்கள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. துன்பம் மிகுந்த நிலையில்தான் நோயாளி மருத்துவரை நாடுகிறார் என்பதால், அதன்பின் நேரும் இயல்பான தணிவும் சிகிச்சையின் பயனாகத் தோன்றுகிறது. நலம் பெற்றவர் தம் அனுபவத்தைப் பிறருக்குச் சொல்கிறார், இறந்தவர் சொல்வதில்லை. எனவே நலம் பெற்றவர்களின் கூற்றுகளை மட்டும் திரட்டினால், பயனற்ற சிகிச்சையும் சிறந்த சிகிச்சையாகவே காட்சியளிக்கும்.

இச்சிக்கல் காசநோயில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. காசநோய் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. இடையிடையே தானே அடங்குவதும் உண்டு. ஆதலின் அந்நோய்க்குச் சொல்லப்பட்ட சிகிச்சைகள் எண்ணற்றவை. அவை ஒவ்வொன்றும் தமக்கெனக் குணமடைந்தோர் சிலரைக் காட்ட முடிந்தது.

சானடோரியம் என்னும் நம்பிக்கை

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எர்மான் பிரேமர் கெர்பர்ஸ்டார்ஃபில் நிறுவிய மருத்துவ நிலையம் சானடோரிய இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தூய காற்று, படுக்கை ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றும் இம்முறையின் தூண்கள். நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்து வைப்பதால் நோய்ப்பரவல் தடைப்படும் என்பது அதனுடன் சேர்ந்த மற்றொரு கருத்து.

இந்தியாவிலும் இம்முறை வேரூன்றியது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்து 1928இல் ஒரு சானடோரியத்தை நிறுவினார். அது பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்றும் அப்பகுதியின் தொடர்வண்டி நிலையம் 'தாம்பரம் சானடோரியம்' என்றே வழங்குகிறது. ஒரு சிகிச்சை முறை ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது, அம்முறையின்மீது மக்களும் மருத்துவரும் கொண்டிருந்த நம்பிக்கையின் அளவைக் காட்டும்.

ஆயினும் ஓய்வும் காற்றும் உணவும் தனித்தனியாகவோ கூட்டாகவோ எந்த அளவுக்கு நோயைக் குணப்படுத்தின என்பது முறையான ஒப்பீட்டின் வழி நிறுவப்பட்டிருக்கவில்லை. சானடோரியத்தில் இடம் பெற்றவர்களுள் பலர் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். மாதக்கணக்கில் தங்கும் வசதி வாய்த்தவர்கள். அவர்கள் நலம் பெற்றதற்குச் சானடோரியம் காரணமா, அவர்களது முந்தைய நிலை காரணமா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

புகழும் சான்றும்

சிறந்த அறிஞரின் சொல் சான்றுக்கு ஈடாகாது என்பதற்கும் காசநோய் வரலாறு எடுத்துக்காட்டுத் தருகிறது. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தவர் இராபர்ட் கோக். அவரே 1890இல் காசநோய்க்கு ஒரு மருந்து கண்டதாக அறிவித்தபோது, ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் பெர்லினை நோக்கித் திரண்டனர். 'டியூபர்குலின்' எனப்பட்ட அம்மருந்து நோயைக் குணப்படுத்தவில்லை. சிலருக்குக் கேடும் விளைவித்தது. பிற்காலத்தில் அது நோய்த்தொற்றைக் கண்டறியும் சோதனைப் பொருளாக மட்டுமே பயன்பட்டது. கண்டுபிடிப்பாளரின் தகுதி உண்மையானது. கண்டுபிடிப்பைப் பற்றிய அவரது கூற்று உண்மையானதன்று.

1920களில் டென்மார்க்கிலிருந்து பரவிய தங்க உப்பு மருந்தான சானோகிரைசினின் வரலாறும் இத்தகையதே. பல நாட்டு மருத்துவர்கள் அதனைப் பாராட்டி எழுதினர். அமெரிக்காவின் மிச்சிகனில் ஆம்பர்சனும் அவர்தம் குழுவினரும் அதனைச் சோதித்து 1931இல் முடிவை வெளியிட்டனர். 24 நோயாளிகள் ஒத்த நிலையினராய் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எக்குழுவுக்கு மருந்து என்பதை ஒரு நாணயச் சுண்டல் தீர்மானித்தது. மற்றக் குழுவுக்கு வாலைவடிநீர் ஊசி மட்டும் இடப்பட்டது. தாம் எக்குழுவினர் என்பது நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆய்வின் முடிவில் மருந்து நன்மை தரவில்லை என்பதும் நஞ்சு விளைவுகளைத் தந்தது என்பதும் புலனாயின. ஒப்பீட்டுக் குழு ஒன்று இல்லாதிருந்தால், மருந்து பெற்றோருள் தேறியவர்கள் அம்மருந்தின் வெற்றியாகவே எண்ணப்பட்டிருப்பர்.

1948ஆம் ஆண்டின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. அதன் புள்ளியியல் வடிவத்தை வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அம்மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்து, அதன்வழி மருந்தின் பயனையும் அறிந்துகொள்வதே நேர்மையானது என்று ஆய்வாளர் கருதினர்.

107 நோயாளிகளுள் 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றனர்; 52 பேர் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஒதுக்கீடு முத்திரையிட்ட உறைகளில் வைக்கப்பட்டிருந்தது. அடுத்து வரும் நோயாளி எக்குழுவுக்கு உரியவர் என்பது சேர்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டித் தெரியாது. இம்மறைப்பு இல்லையெனில், தேறக்கூடியவர் என்று மருத்துவர் கருதுவோர் அவரறியாமலேயே மருந்துக் குழுவில் மிகுந்துவிடுவர். ஊடுகதிர்ப் படங்களை மதிப்பிட்டவர்களும் அவை எக்குழுவினரின் படங்கள் என்று அறியாமலேயே மதிப்பிட்டனர்.

ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேரும் ஒப்பீட்டுக் குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றமையும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. ஐந்தாண்டுக்குப் பிந்தைய மதிப்பீட்டில் மருந்துக் குழுவின் 55 பேருள் 32 பேரும், ஒப்பீட்டுக் குழுவின் 52 பேருள் 35 பேரும் இறந்துவிட்டமை தெரியவந்தது. ஆறு மாதத்தில் தெளிவாகத் தெரிந்த நன்மை ஐந்தாண்டில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து எதிர்ப்பாற்றலைத் தடுக்கும் முறை இதன் தொடர்ச்சியாகவே உருவாயிற்று. எவ்வளவு காலம் கழித்து அளப்பது என்பதும் ஆய்வின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது. இந்த ஐந்தாண்டு மதிப்பீட்டை எழுதியவர்களுள் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னை ஆய்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

சென்னை ஆய்வின் வினாவும் வடிவமும்

1950களின் நடுப்பகுதியில் ஐசோனியசிடும், பாஸ் எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் கைவந்துவிட்டன. வாய்வழி உட்கொள்ளத்தக்க இவ்விரு மருந்துகளையும் கூட்டாகக் கொடுத்தால் நோய் குணமாகும் என்பது அறியப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. சானடோரியம் இன்றியமையாதது எனில் பெரும்பான்மை நோயாளிகளுக்குச் சிகிச்சையே இல்லை என்பதே பொருள். எனவே சானடோரியம் நல்லதா என்ற வினா பயனற்றதாயிற்று. மருந்து உள்ளபோது அது தேவையா என்ற வினாவே உயிர்நிலையாயிற்று.

இவ்வினாவுக்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும் 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாறிச் சேத்துப்பட்டில் இன்றும் இயங்கிவருவது இந்நிறுவனமே.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாக ஒதுக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஓராண்டுக் காலம் வீட்டிலிருந்தும் மற்றொரு குழுவினர் சானடோரியத்திலிருந்தும் சிகிச்சை பெற்றனர். இரு குழுவினர்க்கும் மருந்து ஒன்றே. வேறுபட்டவை இடமும் அதனோடு சேர்ந்த ஓய்வு, உணவு, காற்று, கண்காணிப்பு ஆகியனவுமே. இதனால் ஈற்றில் காணும் வேறுபாட்டுக்கு மருந்து காரணமாக இயலாது.

நோயாளி வீட்டில் இருக்கிறாரா சானடோரியத்தில் இருக்கிறாரா என்பதை அவரிடமிருந்தோ மருத்துவரிடமிருந்தோ மறைக்க இயலாது. இக்குறையை ஆய்வாளர் வேறு வழியில் ஈடுசெய்தனர். நோயாளி தேறினாரா என்பதை அவரது உணர்வையோ மருத்துவரின் கருத்தையோ கொண்டு முடிவு செய்யவில்லை. சளியை ஆய்வகத்தில் வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்திக் கிருமி உள்ளதா என்பதைக் கொண்டே முடிவு செய்தனர். வீட்டிலிருந்தோர் மருந்தை உண்மையாக உட்கொண்டனரா என்பதை முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று, மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் அறிந்தனர். நோயாளிகளின் குடும்பத்தினரும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர். ஏனெனில் வீட்டுச் சிகிச்சைக்கு எதிராக எழுந்த வலிமையான அச்சம் குடும்பத்தாருக்குத் தொற்று பரவும் என்பதாகும்.

முடிவுகளும் அவற்றைப் பொருள்கொள்ளும் முறையும்

ஓராண்டுச் சிகிச்சையின் முடிவில் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினரும் சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினரும் கிருமியியல் அளவில் நோய் அடங்கிய நிலையை எய்தினர். வீட்டிலிருந்தோர் பெற்ற உணவு தரத்தில் தாழ்ந்தது, அவர்களது ஓய்வும் குறைவு, குடியிருப்பும் நெரிசலானது. அவ்வாறிருந்தும் இவ்விளைவு கிட்டியது. குடும்பத்தாரிடையே நோய் தோன்றிய அளவும் வீட்டுச் சிகிச்சையால் மிகவில்லை. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதும், சிகிச்சை தொடங்கியபின் நோயாளியின் தொற்றுத்திறன் குறைந்துவிடுகிறது என்பதும் இதற்குரிய விளக்கம். ஐந்தாண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையில் இருந்தோர் வீட்டுக் குழுவில் 90 விழுக்காடு. சானடோரியக் குழுவில் 89 விழுக்காடு.

86க்கும் 92க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எவ்வாறு கொள்வது என்பது இங்குக் கருதத்தக்கது. பகுப்பாய்வில் குழுவுக்கு ஏறத்தாழ 80 பேரே இருந்தனர் எனக் கொண்டு கணக்கிட்டால், 6 புள்ளி வேறுபாடு தற்செயலாகவும் தோன்றக்கூடியது. அதே வேளையில் சானடோரியத்துக்குச் சாதகமாக ஏறத்தாழ 15 புள்ளி அளவிலான உண்மை வேறுபாடு உண்டு என்பதையும் இவ்வெண்ணிக்கை முற்றிலும் மறுக்காது. ஆகவே ஓராண்டு முடிவைக் கொண்டு 'வேறுபாடு இல்லை' என்று உரைப்பது மிகை. 'வேறுபாடு உண்டென நிறுவப்படவில்லை' என்பதே பொருந்தும். இவ்விரு கூற்றுகளையும் ஒன்றெனக் கொள்வது மருத்துவச் செய்திகளில் அடிக்கடி நேரும் பிழை.

எனினும் ஆய்வின் வலிமை இதனால் குன்றவில்லை. கொள்கை வகுப்போர் முன்னிருந்த தெரிவு எல்லா நோயாளிகளுக்கும் சானடோரியமா, எல்லோருக்கும் வீடா என்பதன்று. ஒரு சிலருக்குச் சானடோரியமும் பிறர்க்கு ஒன்றுமில்லாமையுமா, அல்லது அனைவருக்கும் வீட்டுச் சிகிச்சையா என்பதே அன்றைய தெரிவு. நோயாளிகளுள் பெரும்பான்மையோர் வீட்டிலேயே தேறுவர் என்ற முடிவு இத்தெரிவுக்குப் போதுமானது. ஐந்தாண்டு முடிவு அதனை உறுதிப்படுத்தியது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் சானடோரியங்கள் படிப்படியாக மறைந்தன.

ஆய்வு விடையளிக்காத வினாக்கள்

ஓர் ஆய்வின் சொல்லைக் காலப்போக்கில் அதன் எல்லைக்கு அப்பாலும் நீட்டும் வழக்கம் உண்டு. சென்னை ஆய்வின் முடிவு இருவகையில் அவ்வாறு நீட்டப்பெற்றது எனலாம்.

முதலாவது, மேற்பார்வை பற்றியது. ஆய்வில் வீட்டுக் குழுவினர் வெறுமனே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அல்லர். அவர்களைத் தேடிச் சென்று பார்த்த பணியாளரும் மருந்து உட்கொள்ளலை அறியும் சோதனைகளும் இருந்தன. இவையின்றி மருந்துப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தனுப்பும் முறைக்கு அம்முடிவு பொருந்தாது. சென்னை மையமே இதனை உணர்ந்து, வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் முடிவை வெளியிட்டது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கு இது ஒரு முன்னோடி.

இரண்டாவது, உணவு பற்றியது. தாழ்ந்த உணவு உண்டோரும் தேறினர் என்னும் முடிவு, காசநோயில் உணவுக்கு இடமில்லை என்பதாகச் சுருங்கிப்போக வாய்ப்புண்டு. ஆனால் சென்னை ஆய்வு வினவியது, மருந்து உட்கொள்ளும் நோயாளியின் கிருமி நீக்கத்தைப் பற்றி மட்டுமே. நோய் இன்னும் தோன்றாத குடும்பத்தாரை நல்லுணவு காக்குமா என்பது வேறொரு வினா. அதற்குரிய ஆய்வு ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடைபெற்று 2023இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் குடும்பத்தைச் சேர்ந்த 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. ஒரு குழுவில் குடும்பத்தாருக்கும் வழங்கப்பட்டது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றியது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன.

அறமும் வெளிப்படைத்தன்மையும்

நோயாளியை ஆய்வுக்கு உட்படுத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவும் இவ்வரலாற்றில் வளர்ந்துவந்தது. 1948 ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இடம்பெறுகிறோம் என்பது தெரிவிக்கப்படவில்லை. இன்று அது ஏற்கப்படாது. 1964ஆம் ஆண்டின் எல்சின்கி அறிக்கைக்குப் பின், நோயாளியின் அறிந்துணர்ந்த ஒப்புதல் ஆய்வின் முன்நிபந்தனையாயிற்று. எது சிறந்தது என்பதில் உண்மையான ஐயம் இருக்கும்போதுதான் சமவாய்ப்பு ஒதுக்கீடு அறத்துக்கு உட்பட்டது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட நெறி.

வெளிப்படைத்தன்மை இதனோடு தொடர்புடையது. சாதகமான முடிவுகள் மட்டும் வெளிவந்து மற்றவை மறைந்தால், நலம் பெற்றோர் மட்டும் பேசும் பழைய நிலையே ஆய்விதழ்களிலும் திரும்பும். இதனைத் தடுக்க, ஆய்வு தொடங்குமுன்பே அதன் வினாவையும் அளவுகோலையும் பொதுவில் பதிவு செய்யும் முறை வந்தது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007இல் தொடங்கப்பெற்று, 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நவீன மருத்துவம், சித்தம், ஆயுர்வேதம், யுனானி என எம்மரபைச் சார்ந்த சிகிச்சையின் ஆய்வும் இதில் பதிவு பெறலாம். ஒரு சிகிச்சையின் தொன்மையோ புதுமையோ அதன் பயனுக்குச் சான்றாகாது என்பதே இப்பொதுமையின் பொருள்.

முடிவுரை

சென்னை ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

• நலம் பெற்றோரின் எண்ணிக்கை மட்டும் சான்றாகாது. அதே காலத்தில், அதே நிலையில், வேறு சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிடும்போதே அது பொருள் பெறுகிறது.

• ஒதுக்கீட்டைத் தற்செயலிடம் ஒப்படைப்பது ஆய்வாளரின் விருப்பு வெறுப்புகளினின்றும் ஆய்வைக் காக்கிறது. மறைக்க இயலாத இடங்களில் புறவயமான அளவுகோல் அப்பணியைச் செய்கிறது.

• வேறுபாடு நிறுவப்படாமை வேறுபாடின்மை ஆகாது. முடிவை ஆய்வின் அளவோடும், முன்னிருந்த தெரிவோடும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

• ஓர் ஆய்வு தான் எழுப்பிய வினாவுக்கு மட்டுமே விடையளிக்கிறது. அதன் நிபந்தனைகளை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்தாள்வது, சான்றின்றிப் பேசுவதற்கு ஒப்பானது.

படுக்கையின்றித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய எண்ணற்ற நோயாளிகளுக்கு அவர்தம் வீட்டிலேயே சிகிச்சை கிட்ட வழி திறந்தது இவ்வாய்வு. ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்ட ஒரு நம்பிக்கையை ஐயுறத் துணிந்தமையும், அவ்வையத்தை நேர்மையான ஒப்பீட்டால் தீர்த்துக்கொண்டமையுமே அதன் நிலைத்த பயன்.